குடுவைச் சுரை: கையால் மகரந்தம் வைத்த பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன, விதைக்கு என்ன செய்வது?

திருச்சி மாடித்தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டி வீட்டு வேலியில் படர்ந்த குடுவைச் சுரையின் விதை எங்கள் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கழுத்து ஒடுங்கி, இடுப்பு சிறுத்து, அடி குடம்போல் உருண்டிருக்கும் காய் அது. நன்றாக முற்றிய காய் ஒன்றை விதையோடு அப்படியே காயவைத்து அடுப்படி விட்டத்தில் தொங்கவிடுவது பாட்டியின் வழக்கம். சென்ற ஆண்டு நான் மாடியில் விட்ட 4 கொடிகளில் 2 கொடிகள் மட்டுமே அந்த வடிவத்தில் காய்த்தன. ஒன்று நீளமாகவும் மற்றொன்று கழுத்தே இல்லாமலும் காய்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாடியில் ஆண்டுதோறும் நீளச் சுரை போடுகிறார்கள். அதன் மகரந்தம் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டு ஆடிப்பெருக்கு அன்று 3 கொடிகள் போட்டு, பெண் பூக்களுக்கு நானே மகரந்தம் வைத்து விதை எடுப்பது என்று முடிவு செய்தேன். பூசணிக்குச் செய்து பழகியபடியே, காலை 7 மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவினேன். இதுவரை 8 பூக்களுக்கு இப்படிச் செய்ததில் 7 பிஞ்சுகள் நான்கே நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் நின்று, இப்போது கைமுட்டி அளவுக்கு வந்திருக்கிறது. என் தவறு எங்கே இருக்கிறது? நின்ற அந்த ஒரு காயை விதைக்கு விடலாமா? பக்கத்து வீட்டு மகரந்தம் பட்டால் இந்தக் காயின் வடிவமே மாறிவிடுமா?

கோவை பந்தல்

உதிர்ந்த பிஞ்சுகளைக் கவனித்தீர்களா, சகோதரி? பழ ஈ குத்திய பிஞ்சும் மஞ்சளாகித்தான் விழும். ஆனால் அதில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளியும், அந்த இடத்தில் பிசின்போல் ஒரு துளியும் இருக்கும். இரண்டாக அறுத்தால் உள்ளே புழு நெளியும். மகரந்தம் சேராத பிஞ்சு அப்படி இராது. பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கிக்கொண்டே வந்து, காம்போடு கழன்று விழும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

திருச்சி மாடித்தோட்டம்

நன்றி அண்ணா. இன்று உதிர்ந்ததை அறுத்துப் பார்த்தேன். குத்திய அடையாளமும் இல்லை, புழுவும் இல்லை, நுனியிலிருந்துதான் சுருங்கியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் நான் மாடிக்குப் போகும்போதே பூக்களின் இதழ் ஓரம் வதங்கித் தொங்கிக்கொண்டிருக்கும். பூசணிப் பூ அந்த நேரத்தில் விறைப்பாக விரிந்திருப்பதால், இது கொடியின் சத்துக் குறைவு என்று நினைத்து மீன் அமிலம் என்ற இயற்கை உரத்தைக் கொடுத்து வந்தேன்.

தாராபுரம் நாட்டு விதை

அம்மா, உங்கள் கேள்விக்கான விடை அந்த வதங்கிய இதழிலேயே இருக்கிறது. சுரைப் பூ அந்தியில் மலரும் பூ. பூசணியும் பாகலும் விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். சுரையோ பொழுது சாயும்போது விரிந்து, இரவெல்லாம் வெள்ளையாக நின்று அந்துப்பூச்சிகளை அழைத்து, மறுநாள் காலை வெயிலில் வாடிவிடும். பீர்க்கும் மாலையில் விரிவதுதான், புடலை இரவில் பூப்பது. நீங்கள் 7 மணிக்கு எடுத்த ஆண் பூவின் மகரந்தம் ஓர் இரவைக் கழித்துவிட்டது. பெண் பூவும் வாடத் தொடங்கிவிட்டது. கொடியில் குறை ஒன்றும் இல்லை. மீன் அமிலத்தைச் சிறிது காலம் நிறுத்தி வையுங்கள், தழைச்சத்து மிகுந்தால் இலைதான் கொழுக்கும்.

நின்ற அந்த ஒரு காயைத் தயவுசெய்து விதைக்கு விடாதீர்கள். அந்தப் பூ முந்தைய இரவு முழுவதும் திறந்தே கிடந்தது. நீங்கள் காலையில் தடவுவதற்கு முன்பே ஏதோ ஓர் அந்துப்பூச்சி பக்கத்து வீட்டு நீளச் சுரையில் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்து போயிருக்கலாம். அந்தக் காய் பிடித்ததே அதனால்தான் என்பது என் கணிப்பு. கையால் மகரந்தம் வைப்பதில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். தடவுவது அரை நிமிட வேலை. தடவுவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பூவுக்குள் வேறு மகரந்தம் நுழையாமல் காப்பதுதான் விதைக்கான வேலை. கறிக்குக் காய் வேண்டும் என்றால் காக்கத் தேவையில்லை. இனம் வேண்டும் என்றால் காத்தே ஆக வேண்டும். விதைச் சான்றிதழுக்காக வயலில் சுரை போடுபவர்கள் மற்றொரு சுரை வயலிலிருந்து அரைக் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போடுவதற்குக் காரணமும் இதுவே. மாடியில் அவ்வளவு தூரத்துக்கு நாம் எங்கே போவது? ஒரு முழம் நூல்தான் நமக்கு அந்தத் தூரம்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். மாலை 4 மணிக்கு மாடிக்குப் போங்கள். அன்று இரவு மலரப் போகும் மொட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: பச்சைப் புல்லி விலகி, முறுக்கிய இதழின் நுனி வெள்ளையாக வெளியே தெரியும். மறுநாள் மலரும் மொட்டு பச்சையாகவே இருக்கும். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண். காம்பு தடித்து, இதழுக்குக் கீழே பூனைமுடி போர்த்த குட்டிக் காயோடு இருப்பது பெண். அன்று மலர இருக்கும் பெண் மொட்டு ஒன்றையும், அதற்கு இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் தேர்ந்து, இதழ் நுனியைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கினால் இதழ் கிழிந்து, அந்த ஓட்டை வழியாகவே பூச்சி புகும். ஆறரை, ஏழு மணிக்கு, கட்டாத பக்கத்துப் பூக்கள் விரிந்திருப்பதைப் பார்த்த பிறகு, கட்டிய ஆண் பூவைப் பறித்து இதழை முழுவதும் நீக்குங்கள். நடுவில் உள்ள மகரந்தப் பையை நகத்தால் தொட்டால் வெளிர் மஞ்சள் பொடி நகத்தில் ஒட்ட வேண்டும்; ஒட்டவில்லை என்றால் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். பிறகு பெண் பூவின் கட்டை அவிழ்த்து, சூல்முடியின் மூன்று மடல்களிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடலை விட்டுவிட்டால் காய் ஒரு பக்கம் சூம்பும், விதையும் அந்தப் பக்கம் பொக்காகப் போகும். இரண்டு மூன்று ஆண் பூக்கள் கேட்பது இதற்காகத்தான். முடித்த கையோடு பெண் பூவின் இதழை மறுபடியும் குவித்துக் கட்டி, மேலே ஒரு காகிதப் பையை மாட்டி, காம்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி விடுங்கள். மூன்று நாள் கழித்துப் பையை எடுத்துவிடலாம்; சிவப்பு நூல் அறுவடை வரை இருக்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு மகரந்தம் பட்டால் இந்த ஆண்டுக் காயின் வடிவமோ சுவையோ மாறாது. ஓடும் சதையும் தாய்க்கொடியின் உடல்; கலப்பு உள்ளே இருக்கும் விதையில் மட்டுமே குடியிருக்கும், அது அடுத்த ஆண்டு முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே சென்ற ஆண்டு நீங்கள் பார்த்த நீளக்காய் அதற்கு முந்தைய பருவத்தில் நேர்ந்த கலப்பு. அதனால் இந்த ஆண்டின் மூன்று கொடிகளும் குடுவையாகவே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நல்லவேளையாகக் காய்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண் மொட்டின் அடியில் இருக்கும் குட்டிக் காயைக் குனிந்து பாருங்கள். குடுவை இனமாக இருந்தால் கட்டைவிரல் அளவிலேயே அதற்கு இடுப்பு விழுந்திருக்கும். இடுப்பு உள்ள கொடிகளுக்குள் மட்டும் ஆணையும் பெண்ணையும் சேருங்கள்.

மன்னார்குடி கொல்லை

தாராபுரத்து ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கலந்துபோன விதையில் வரும் சுரை சில நேரம் கசக்கும். வேலியோரம் தானாக முளைக்கும் கசப்புச் சுரையோடு கலந்துவிட்டால், அந்தக் கசப்பு அடுத்த தலைமுறையில் மேலோங்கி வரும். கசக்கும் சுரையில் இருப்பது குக்கர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தி எடுத்து உயிரிழந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு, கசக்கும் சாற்றைக் குடிக்காமல் கொட்டிவிடவேண்டும் என்று அறிவுறுத்தியது. எனவே எந்தக் கொடியின் முதல் காயையும் சமைக்கும் முன் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயைத் தூக்கி எறியுங்கள், அந்தக் கொடியின் ஆண் பூவையும் தொடாதீர்கள்.

பூசணி, புடலை, பாகல் எல்லாம் ஒரே பந்தலில் இருந்தாலும் அவை சுரையோடு கலப்பதில்லை. அந்தக் கவலை வேண்டாம். சுரைக்குச் சுரைதான் பகை.

மற்றொன்று, விதைக்கு விட்ட காய் முற்றும் வரை அந்தக் கொடியில் பிடிக்கும் மற்ற பிஞ்சுகளைக் கறிக்குப் பறித்துக்கொண்டே இருங்கள். வளர்ப்புப் பையில் இருக்கும் கொடி ஒன்றிரண்டு விதைக் காய்களுக்கு மேல் தாங்காது. சுமை கூடினால் நீங்கள் பாடுபட்டுக் கட்டிய பிஞ்சையே அது உதிர்த்துவிடும்.

திருச்சி மாடித்தோட்டம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்று மாலையே டார்ச் விளக்கோடு மாடிக்குப் போனேன். இத்தனை ஆண்டுகளாகச் சுரை வளர்த்தும், அந்தப் பூ விரிவதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மூன்று கொடிகளில் இரண்டில் பிஞ்சிலேயே இடுப்புத் தெரிந்தது. மூன்றாவது உலக்கைபோல் நேராக இருந்ததால் அதன் ஆண் பூக்களைத் தொடவில்லை. 6 பெண் பூக்களைக் கட்டி மகரந்தம் வைத்ததில் 4 பிடித்தன. உதிர்ந்த இரண்டில் ஒன்று, தடவிய இரவே மழை கொட்டிக் காகிதப் பை நைந்து பூவோடு ஒட்டிப்போனது. ஒரு கொடிக்கு ஒன்றாக இரண்டு காய்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பிஞ்சிலேயே கறிக்குப் பறித்துவிட்டேன். இரண்டு கொடிகளின் காயையும் சுவைத்துப் பார்த்தேன், கசப்பு இல்லை.

விட்டத்தில் பாட்டி கட்டிய கடைசிக் குடுவை ஒன்று இன்னும் தொங்குகிறது, 5 ஆண்டுகள் இருக்கும். அதைக் குலுக்கினால் விதைச் சத்தம் கேட்கிறது. அதை உடைக்க மனம் வரவில்லை, உடைக்கலாமா? ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் பந்தலில் உள்ள விதைக் காய்கள் அழுகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

தாராபுரம் நாட்டு விதை

உடைக்க வேண்டாம் அம்மா. காம்புப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு 10 விதைகளை மட்டும் தட்டி எடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, 10 நாள் வரை பாருங்கள். சுரை விதையின் தோல் தடிப்பு என்பதால் அவசரப்படாதீர்கள். உலர்வாக இருந்த விதைக்கு 5 ஆண்டுகள் பெரிதில்லை. பாதி முளைத்தாலும் தைப் பட்டத்துக்கு அதையே போடுங்கள். கலப்புக்கு முந்தைய விதை என்றால் உங்கள் கையில் இருப்பவற்றில் அதுதான் சிறந்தது. முளைத்ததைச் சிறு தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், வீணாகாது. ஓட்டையை மெழுகால் அடைத்து மீண்டும் விட்டத்திலேயே கட்டிவிடுங்கள்.

பந்தலில் தொங்கும் காய்க்கு மழையால் பெரிய கேடு இல்லை. தரையையோ சுவரையோ தொட்டுக்கொண்டிருக்கும் காய்தான் அழுகும். அப்படி இருந்தால் அடியில் தேங்காய் நார் வைத்து, காற்று ஓடும்படி தூக்கிவிடுங்கள். மகரந்தம் வைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தோலின் பச்சை வெளுத்து, நகம் இறங்காத அளவுக்கு ஓடு கெட்டிப்பட்டு, காம்பும், அதன் பக்கத்தில் கொடி பற்றிப் படரும் சுருள் கம்பியும் காய்ந்த பிறகு, ஒரு சாண் கொடியோடு அறுத்து நிழலில் தொங்கவிடுங்கள். குலுக்கினால் சத்தம் வரும் வரை தொங்கட்டும். சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.

திருச்சி மாடித்தோட்டம்

பாட்டியின் குடுவையிலிருந்து எடுத்த 10 விதைகளில் 6 முளைத்துவிட்டன, ஐயா. அவற்றைத் தனித்தனிக் கொட்டாங்குச்சியில் மாற்றி, பக்கத்து வீட்டு மாடிக்கு எதிர்ப் பக்கமாக வைத்திருக்கிறேன்.