குட்டிப் பையனோட கப்பல் பயணம்: ராத்திரி சாப்பாடு முதல் பந்தியா, ரெண்டாம் பந்தியா?

குட்டிஅம்மா (செங்காங்)

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்கு ராயல் கரீபியன் கப்பல்ல 4 ராத்திரி போறோம். சிங்கப்பூர் மரினா பேல ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பாத்துட்டு மறுபடி மரினா பே. நான், வீட்டுக்காரர், பையன், கும்பகோணத்துல இருந்து வர்ற மாமனார், மாமியார். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூம் போட்டிருக்கு.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தை இப்பவே சொல்லணுமாம். எங்களுக்குக் காட்டுறது முதல் பந்தி 5.30, ரெண்டாம் பந்தி 8.00. ரெண்டும் வேண்டாம்னா ‘மை டைம்’னு அன்னன்னைக்கு நமக்குத் தோதான நேரத்துல போய்க்கலாம்.

பையனுக்கு 22 மாசம். மத்தியானம் 1 மணிக்குப் படுத்தா 3 வரைக்கும் தூங்குவான். 6.30-க்குப் பருப்பு சாதம். 8 மணிக்குத் தூங்கிடணும். அதைத் தாண்டிட்டா அழுகை ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஓயாது. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கு, ராத்திரி செய்தி பாத்து முடிச்சு எட்டரைக்குத்தான் ரெண்டு இட்லி சாப்பிடுவார். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வீட்டுக்காரருக்கு ஒரே ஆசைதான்: அப்பா அம்மா வந்திருக்கிற இந்த நாலு ராத்திரியும் அஞ்சு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும். எனக்கும் அந்த ஆசை இருக்கு. ஊர்ல இருந்து அவங்க வர்றது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்ல.

இதே வயசுக் குழந்தையோட போனவங்க எந்த நேரத்தை எடுத்தீங்க? குழந்தையை எவ்வளவு நேரம் மேசையில உக்கார வைக்க முடிஞ்சுது? விவரமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

---

ஜூரோங்_அப்பா

வணக்கம்மா. தயங்காம முதல் பந்தியை எடுங்க. எங்க பொண்ணு கிட்டத்தட்ட இதே வயசுல இருந்தப்ப இதே மாதிரி பயணம் போனோம், என் அம்மாவும் கூட வந்திருந்தாங்க. அதனால ஏன் சொல்றேன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

பெரிய சாப்பாட்டுக் கூடத்துல ஒரு வேளை சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். ரொட்டி, சூப்பு, அப்புறம் முக்கிய உணவு, கடைசில இனிப்புன்னு ஒண்ணொண்ணா வரும். ரெண்டு வயசுக் குழந்தை நிம்மதியா உக்கார்றது அதுல பாதி நேரம்கூட இருக்காது. 8 மணிப் பந்தின்னா சூப்பு வர்றப்பவே உங்க பையனோட தூக்க நேரம் தாண்டியிருக்கும். 5.30-க்கு உக்காந்தா 7 மணிக்கு வெளிய வந்துடலாம். ஜூன்ல இந்தக் கடல் பக்கம் சூரியன் மறையறது 7 மணிக்கு மேலதான். சாப்பிட்டு முடிச்சு நேரா மேல்தளத்துக்குப் போய், அந்த வெளிச்சம் இருக்கிறவரைக்கும் குழந்தையை ஓட விட்டுட்டு, ரூமுக்கு வந்து குளிப்பாட்டிப் படுக்க வச்சா மணி 8. உங்க வீட்டு நேரமும் மாறாது.

அதைவிட முக்கியம், பந்தி முறையில தினமும் அதே மேசை, அதே பணியாளர்கள். முதல் ராத்திரி உக்காந்த உடனே, “குழந்தைக்கு மட்டும் சாப்பாட்டை முதல்லயே, ரொட்டியோட சேர்த்துக் கொண்டுவந்துடுங்க”ன்னு சொல்லிடுங்க. எங்க மேசைக்கு வந்த தம்பி, ரெண்டாம் நாள் நாங்க கேக்காமலே உயர நாற்காலியைப் போட்டு, நறுக்கின பழமும் வெறும் சோறும் தயிரும் வச்சிருந்தார். மூணாம் நாள் பொண்ணு அவரைப் பாத்ததும் கையைத் தூக்கிச் சிரிச்சா. புது இடத்துல குழந்தை சாப்பிடறதுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும். நேரம் நம்ம இஷ்டம்ங்கிறதைவிட எனக்கு அது பெருசாப் பட்டுது.

அவன் பொறுமை முடியறப்ப ஒருத்தர் தூக்கிட்டு வெளிய போங்க, ஆனா தினமும் அது நீங்களா இருக்கக் கூடாது. இன்னைக்கு நீங்க, நாளைக்கு வீட்டுக்காரர்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. யார் எழுந்து போனாலும் அவங்க தட்டை அப்புறம் சூடாத் தரச் சொல்லிக் கேக்கலாம்.

ஒரு விஷயம், புக்கெட் நாள் வேற கணக்கு. அங்க பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு, சின்னப் படகுல ஆளுங்களைக் கரைக்குக் கொண்டுபோவாங்க. திரும்புறப்ப அந்தப் படகுக்கு வரிசை நீளமா இருக்கும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னாடி. கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடினா, கப்பல்ல 5.30-ங்கிறப்ப கரையில மணி 4.30தான். கைபேசி தானா நேரத்தை மாத்திக்கும், அதை நம்பாதீங்க. கப்பல்ல அறிவிக்கிற நேரத்தை மட்டும் பாருங்க. அன்னைக்குப் பந்திக்கு ஓடி வரணும்னு குழந்தையை வெயில்ல அலைக்கழிக்க வேண்டாம். முந்தின ராத்திரியே பணியாளர்கிட்ட “நாளைக்கு வரமாட்டோம்”னு சொல்லிட்டு, மேல விண்ட்ஜாமர் பஃபேல அஞ்சு பேரும் சாப்பிடுங்க. அங்கயும் ஒரே மேசைதான். பினாங்குல இந்தப் பிரச்சினை இல்ல. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துலயே கட்டும், லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போயிட்டு வரலாம், நேரமும் நம்ம நேரம்தான்.

மத்தியானத் தூக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க. ஏறுற நாள்ல எங்க கவனமெல்லாம் அதுலதான் இருந்துது. ரூம் கிடைச்ச உடனே திரையை இழுத்து விட்டுப் படுக்க வச்சுடுங்க. நாலரைக்கு ஒரு பிஸ்கட்டோட நிறுத்துங்க, அப்பத்தான் 5.30-க்குப் பசிக்கும்.

---

ஈஷூன்_மாமி

ஜூரோங் தம்பி சொன்னது நல்ல வழிதான். ஆனா உங்க பையன் வீட்டுல சாப்பிடறது 6.30-க்கு. ஒரு மணி நேரம் முன்னாடி ஊட்டினா எல்லாக் குழந்தையும் வாய் திறக்காது. எங்க பேத்தி திறக்கவே மாட்டா. அதனால நாங்க மை டைம் எடுத்து, கப்பல் ஆப்ல தினமும் 6 மணிக்கு முன்பதிவு போட்டுக்கிட்டோம். முன்பதிவு இல்லாமப் போனா வாசல்ல நிக்கணும், குழந்தையோட அது ஆகாது. அதே பணியாளர் வேணும்னு கேட்டா முடிஞ்சவரைக்கும் அந்தப் பக்கமே உக்கார வைக்கிறாங்க.

உங்க மாமியார் விஷயத்துக்குத்தான் எழுத வந்தேன். இந்தியச் சைவச் சாப்பாடு பெரிய சாப்பாட்டுக் கூடத்துல கிடைக்கும். முதல் ராத்திரியே தலைமைப் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லி, மறுநாளுக்கு என்ன வேணும்னு முந்தின ராத்திரியே கேட்டு வச்சுடுங்க. வெறும் ‘வெஜிடேரியன்’னு சொன்னா முட்டையும் அதுல சேர்ந்துக்கும். முட்டை வேண்டாம், இறைச்சித் தண்ணியில செஞ்ச சூப்பு வேண்டாம்னு தனித்தனியாச் சொல்லுங்க. வெங்காயம் பூண்டு சேர்ப்பாங்களான்னு மாமியார்கிட்ட இப்பவே கேட்டுக்குங்க.

வீட்டுல சமைச்சதை எடுத்துட்டுப் போக முடியாது. சின்ன ரைஸ் குக்கரும் ஏத்த விடமாட்டாங்க. சீல் பிரிக்காத பாக்கெட்டும் குழந்தை உணவும் பரவாயில்ல. பையனுக்கு ரூம்ல தொட்டில் கட்டிலும் மேசைக்கு உயர நாற்காலியும் வேணும்னு முன்னாடியே எழுதிக் கேட்டுடுங்க. ஜூன்ல கப்பல் முழுக்கக் குழந்தைங்கதான்.

---

பொன்மலை_தாத்தா (திருச்சி)

அம்மா, வணக்கம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். மகனும் மருமகளும் பேரனும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களோடு கப்பலில் போயிருக்கிறோம். உங்கள் மாமனார் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

மாலை ஐந்தரை மணி என்பது எங்களுக்கு டிபன் நேரம். அந்த நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு என்றால் முதலில் மனம் ஒப்பாது. அதை அவரிடம் “சாப்பிட வாங்க” என்று சொல்லாமல், “பேரனோடு உட்கார வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். நான் முதல் பந்தியில் சூப்பும் கொஞ்சம் காய்கறியும் எடுத்துக்கொண்டேன். எட்டரை மணிக்கு என் மனைவியோடு மேலே பஃபேக்குப் போய் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு. அது மூடும் நேரத்தை மட்டும் அன்றன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றதுதான் எனக்கு நிறைவு.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டு நேரம் மூன்று மணி நேரம் முன்னால் வரப்போகிறது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, எந்த வேளைக்கு எது என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, இடையில் எதுவும் எடுக்காமல் காலை வரை இருந்தால் சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். ரூமில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். கப்பல் ஏறும்போது பெட்டியை வாங்கிக்கொண்டு பிறகுதான் ரூம் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள், சில சமயம் சாயங்காலம் ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு ராத்திரியும் ஐவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் ஒரு ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்த பிறகு எங்களை ரூமில் காவல் வைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய் வாருங்கள். நாங்களே மருமகளிடம் கேட்டு அப்படிச் செய்தோம். குழந்தை தூங்குகிற அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்து நானும் என் மனைவியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாதிரி ஒரு ராத்திரி எங்களுக்கும் வேண்டியிருந்தது.

---

குட்டிஅம்மா (செங்காங்)

ஐயா, நீங்க எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். மாத்திரை விஷயம் எங்க ரெண்டு பேருக்குமே தோணல. மாமனாருக்கு நேத்தே போன் போட்டுட்டோம், இந்த வாரம் டாக்டரைப் பாக்கறேன்னு சொல்லிட்டார். ரொம்ப நன்றி.

ஜூரோங் அண்ணா, நீங்க சொன்ன அதே மேசை, அதே முகம்ங்கிறது என் பையனுக்கு ரொம்பப் பொருந்தும். புது ஆள் ஊட்டினா வாயைக் கெட்டியா மூடிக்குவான். ஆனா இப்பப் போய்ப் பாத்தா முதல் பந்தி நிரம்பிடுச்சு, காத்திருப்போர் பட்டியல்னு காட்டுது. என்ன பண்ணலாம்? அப்புறம் குழந்தைங்க கிளப்ல இவனைச் சேர்ப்பாங்களா?

---

ஜூரோங்_அப்பா

இப்போதைக்கு மை டைம் எடுத்து, மாமி சொன்ன மாதிரி 5.45-க்கோ 6 மணிக்கோ நாலு ராத்திரிக்கும் முன்பதிவு போட்டு வச்சுடுங்க. முதல் பந்தி பட்டியல்லயும் பேர் இருக்கட்டும். ஏறுற அன்னைக்கு மத்தியானமே சாப்பாட்டுக் கூடத்துல மேசை மாத்திக் கொடுக்கிறதுக்குன்னு ஒருத்தர் இருப்பார், ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரரை அங்க அனுப்புங்க. ரெண்டு வயசுக் குழந்தை, சர்க்கரைக்காரர் ஒருத்தர்னு காரணத்தைச் சொன்னா கேட்டுப் பாப்பாங்க. சாயங்காலம் போனா வரிசை பெருசாயிடும்.

கிளப்புக்கு 3 வயசு முடிஞ்சிருக்கணும், டயபரும் விட்டிருக்கணும். உங்க பையனுக்கு நர்சரிதான், 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும். மணிக்கணக்குல காசு, இடமும் கொஞ்சம்தான். உங்க கப்பல்ல இருக்கான்னு பாத்து, ஏறின உடனே பதிஞ்சுக்குங்க. தாத்தா பாட்டி கூட வர்றதால உங்களுக்கு அது தேவைப்படாதுன்னுதான் நினைக்கிறேன்.

---

குட்டிஅம்மா (செங்காங்)

6 மணிக்கு நாலு ராத்திரியும் போட்டுட்டேன் அண்ணா. புக்கெட் அன்னைக்கு மட்டும் ரத்து பண்ணிட்டு பஃபேக்குப் போயிடறோம். மாமி, கேட்டுட்டேன்: வெங்காயம் பரவாயில்லையாம், பூண்டு வேண்டாமாம்.