பின்னணி இசையை எடுத்துவிட்டால் பிடித்த படத்தில் மிஞ்சுவது என்ன?

வாவிக்கரையான் (கல்லடி):
ஒரு படத்தை நாம் ஆண்டுக்கணக்காக நேசிப்பதற்குக் கதையைவிடவும் நடிப்பைவிடவும் பின்னணி இசையே முதற்காரணம் என்பது என் கட்சி. சென்ற கிழமை ‘தளபதி’யை (1991) மீண்டும் பார்த்தபோது, தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் கோயிலில் நிற்கும் காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் ஓடவிட்டேன். ஒலியில்லாதபோது கும்பிட வந்த சிலர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கும் ‘சைக்கோ’வின் (1960) குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி, நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதியதைக் கேட்ட பிறகு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

எருவில் வாசகன்:
அண்ணன் சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். ‘தளபதி’யை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஊரில், ஒரு வளவுக்குள் வாடகை வீடியோ டெக்கும் ரீவியும் வைத்து, வேலிக்கு அப்பால் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவில். அந்த இரைச்சலில் வசனமே பாதிதான் கேட்டது. பல கை மாறித் தேய்ந்த கசெட்டில் புல்லாங்குழலும் வயலினும் எங்கே கேட்டன? ஆயினும் விடியப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்கள். அவர்களை அழவைத்தது எந்த இசை? ஹிட்ச்காக்கையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். மூன்றே ஆண்டுகளில் அவர் எடுத்த ‘த பேர்ட்ஸ்’ படத்தில் பின்னணி இசை என்று எதுவும் இல்லை. அதில் ஒலி ஆலோசகராக இருந்தவரும் அதே ஹெர்மன்தான்.

தம்பிலுவில் ஆசிரியை:
இருவருமே இசை படத்துக்காகப் பிறந்தது என்று வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் பாடல் ஒன்றும் இல்லை; ஒலிக்கும் இசை இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்தது. அந்த வயலின்கள் எழுதப்பட்டபோது கட்டி முடியாத வீடும் இல்லை, அதைப் பார்க்க வரும் முதியவரும் இல்லை. இன்றோ அத்தொகுப்பைத் தனியே கேட்டாலும் எனக்கு அந்தச் செங்கற்கள்தான் தெரிகின்றன. அங்கே படமே இசைக்குப் பொருள் கொடுத்தது.

வாவிக்கரையான்:
தங்கச்சி சொன்னதை யோசிக்க வேண்டும். ‘வீடு’ எனக்கும் நினைவில் வரவில்லை. ‘த பேர்ட்ஸ்’ விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பறவைக் கூச்சலில் பெரும்பகுதி மின்னணு வாத்தியத்தில் உருவாக்கியது. இசை உடை மாற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவே. நம் வடமோடிக் கூத்தில், ஆட்டுவிக்கும் அண்ணாவியார் பாத்திரம் நுழைவதற்கான வரவுத்தாளத்தை மத்தளத்தில் எழுப்பும்போதே, களரிக்கு வருவது அரசனா அல்லனா என்று பாய் விரித்திருக்கும் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். முகம் பிறகுதான் தெரியும்.

எருவிலாருக்கு ஒரு கேள்வி. அந்தப் பெண்கள் ‘தளபதி’யின் ‘சின்னத் தாயவள்’ பாட்டை அன்றுதானா முதலில் கேட்டார்கள்? மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்நாட்களில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். அந்த மெட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருந்தபடியால், ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் இரண்டு சுரம் கேட்டதும் மிச்சத்தை மனமே பாடிக்கொண்டது.

எருவில் வாசகன்:
பெடல் சுழற்றிக் கை கடுத்தவர்களில் நானும் ஒருவன், அண்ணன். ஆனால் இப்போது பாட்டின் பெருமையைப் பின்னணி இசையின் கணக்கில் எழுதுகிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்தியத் தேசிய விருதில் பாடல்களுக்கு அமித் திரிவேதியும் பின்னணி இசைக்கு, ‘பழசி ராஜா’வுக்காக, இளையராஜாவும் தனித்தனியே தெரிவானார்கள். இன்னொன்று: நீங்கள் சொன்ன கோயில் காட்சியில் கோச்சி (ரயில்) ஊதுகிறது, தாயும் மகனும் அதைக் கேட்டுத்தான் ஒரு கணம் அசைகிறார்கள். ஊதல் இசையா, ஓசையா? தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிற எங்கள் பக்கத்தில், கோச்சி வராத ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பார்த்த எங்களுக்கு அந்த ஊதல் ஒன்றே போதுமாயிருந்தது. ஊதலை மட்டும் வைத்துக்கொண்டு இசையை நீக்கிப் பார்க்க வழியிருந்தால் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, தோற்றால் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.