மேலே 12 ப்ளீட், கீழே 6 அலை: கெட்டி ஸ்க்ரீன் துணி ஏன் இப்படி விழுகிறது?

பழைய வண்ணாரப்பேட்டை டெய்லர்:
எம்.சி. ரோடு பக்கம் ஒரு சந்தில் 18 வருடமாக ஜன்னல் ஸ்க்ரீன் தைக்கிறேன். போன வாரம் ராயபுரத்தில் ஒரு வீட்டுக்கு 7 அடி உயர ஸ்க்ரீன். லைனிங் ஒட்டியே வரும், வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி. மேலே 4 அங்குலத்துக்கு ஒன்றாக 12 ப்ளீட் பிடித்தேன். மாட்டிப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்குக் கீழே இரண்டிரண்டாகச் சேர்ந்து, தரைக்கு வரும்போது 6 பெரிய அலைதான் இருக்கிறது. அதே வீட்டில் மெல்லிய வாயில் (voile) துணி கடைசி வரை 12 மடிப்பாகவே இறங்குகிறது. மூன்று தடவை டேப் வைத்துப் பார்த்துவிட்டேன், அளவு சரிதான். அந்த அம்மா தையல் கோணல் என்கிறார். மனசு கேட்கவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற பிசிக்ஸ் ஆசிரியர்:
தையலில் குறை இல்லை தம்பி. மடிப்பு சின்னதாக இருந்தால் துணி இறுக்கி வளைய வேண்டும். கெட்டித் துணி அதற்கு மசியாது, பெரிய அலையாக விரியத்தான் பார்க்கும். அப்படி விரியவிடாமல் பிடிப்பது இழுவிசை. தொங்கும் துணியில் அது கீழே இருக்கும் எடையிலிருந்து வருகிறது. கம்பி அருகே முழு ஸ்க்ரீனின் எடையும் இழுக்கிறது. அடி ஓரத்தில் இழுக்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் கீழே போகப் போகச் சேர்கிறது. செர்டா, மகாதேவன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2003-ல் இதற்குக் கணக்கே போட்டார்கள்: விறைப்பை இழுவிசையால் வகுத்து நான்காம் மூலம் எடுத்தால், அந்த அளவில்தான் மடிப்பின் அகலம் கூடும், குறையும். ஒரே பொருளில் தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்கு.

காசிமேடு, வலைக்கடை:
வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோர்ப்போமே, அதை ஸ்க்ரீனின் அடி மடிப்பில் போட்டுப் பாருங்கள் அண்ணா.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
நல்ல யோசனை. அடியில் இழுவிசை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே கொஞ்சம் எடையே பெரிய வித்தியாசம் காட்டும். ஆனால் மேலே அந்த அளவுக்கு மாற்றம் தெரியாது: மடிப்பைப் பாதியாக்க இழுவிசை 16 மடங்கு வேண்டும். அதைவிட லைனிங்கைக் கவனியுங்கள். இரண்டு துணி ஒட்டியிருந்தால் விறைப்பு 8 மடங்கு, தனித்தனியாக நழுவினால் 2 மடங்குதான்.

பழைய வண்ணாரப்பேட்டை டெய்லர்:
சார், நேற்று சுண்டுவிரல் நகம் அளவு ஈயக்குண்டை ஒவ்வொரு ப்ளீட்டுக்கும் நேர் கீழே வைத்துத் தைத்தேன். இப்போது முழங்கால் உயரம் வரை 12-ம் பிரிந்து நிற்கிறது, அதற்குக் கீழேதான் சேர்கிறது. அந்த அம்மாவே தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். அடுத்த ஆர்டருக்கு ஒட்டின துணி வேண்டாம், லைனிங்கைத் தனியாக வெட்டி மேல்பட்டியில் மட்டும் பிடிக்கப் போகிறேன்.