கைதானவரின் மருத்துவ அறிக்கை நகல் வாங்குவது எப்படி?

தம்பியை மார்ச் கடைசியில் ராத்திரி கைது செய்தார்கள், அடிதடி வழக்கு, ஊர் தென்மாவட்டத்தில். மறுநாள் ரிமாண்டுக்கு முன்னால் ஜி.ஹெச்.சில் டாக்டர் பார்த்திருக்கிறார். முதுகிலும் தொடையிலும் கன்றிப்போன தடம் இருந்ததாகத் தம்பி சொல்கிறான். அந்த அறிக்கையின் நகல்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 53-வது பிரிவில், காயங்களையும் அவை ஏறக்குறைய எப்போது ஏற்பட்டன என்பதையும் டாக்டர் குறிக்க வேண்டும், நகலைக் கைதானவருக்கோ அவர் நியமிக்கும் ஆளுக்கோ தர வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. (பழைய சட்டத்தில் 54.) ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்டால் ஸ்டேஷனில் கேளுங்கள் என்கிறார்கள், ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு என்று பதில். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டேன், விசாரணை பாதிக்கும் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவனே கேட்கிறான், இதில் என்ன பாதிக்கப் போகிறதோ! வக்கீல் ஜாமீனுக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அதுவரை தடம் இருக்குமா?

தம்பி இன்னும் சிறையில்தான். இந்த நகலைக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் நானே மனு போட முடியுமா, அல்லது என்னை நியமித்து அவன் சிறையிலிருந்து எழுதிக் கொடுத்தால்தான் ஏற்பார்களா?