பொருள்: 'மிஸ்ஸிங்' என்பதற்குத் தமிழ் – பொறித்தவறா, எரிதவறலா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் இக்னீஷன் கோளாறைக் கண்டுபிடிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பிளக், காயில், மேக்னெட்டோ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், அதில் எனக்குக் கூச்சமும் இல்லை. மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில். ஆங்கிலத்தில் மிஸ்ஃபயர், அதாவது எரிய வேண்டிய நேரத்தில் சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எரியாமல் போவது. பட்டறையில் 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது' என்பது. கோளாறு அட்டவணையின் தலைப்பே அதுதான், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்குப் 'பொறித்தவறு' என்று போட்டேன். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றை அடித்துவிட்டுப் 'பொறிதவறு' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். எது சரி? இதைவிட நல்ல சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

– கையேட்டுக்காரன்

* * *

தம்பி,

ஒற்று மிகுமா மிகாதா என்பது எப்படி விரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொறியினது தவறு என்றால் ஆறாம் வேற்றுமைத்தொகை, 'பொறித்தவறு' சரி. பொறி தவறுகிறது என்பதே கருத்தானால் எழுவாய்த்தொடர், அங்கே வல்லினம் மிகாது, 'பொறி தவறல்' என்று பிரித்தே எழுத வேண்டும். மெய்ப்பாளர் இரண்டையும் குழப்பிவிட்டார்.

ஆனால் என் கவலை ஒற்றில் இல்லை, 'பொறி'யில். தீப்பொறியும் பொறி, இயந்திரமும் பொறி, எலி மாட்டுவதும் பொறி, ஐம்புலன் வாயிலும் பொறி, மன்னர் இலச்சினையும் பொறி. 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்ற குறளில் பரிமேலழகர் விதி என்றே பொருள் கொள்கிறார். இத்தனை பொருள் சுமக்கும் சொல்லைத் தலைப்பில் வைத்தால் 'பொறித்தவறு' என்பதை எஞ்சினின் தவறு என்று ஒருவன் படிப்பான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

என் பரிந்துரை: ஞெலி. தீக்கடைகோலைச் சங்கப் புலவர் ஞெலிகோல் என்றனர். ஞெலிதல் என்றால் கடைந்து தீ உண்டாக்குதல். இக்னீஷனுக்கு 'ஞெலிவு', மிஸ்ஃபயருக்கு 'ஞெலிபிழை'. நறுக்கென்று இருக்கிறது, வேறு எதோடும் குழம்பாது.

– புலவர்

* * *

புலவரய்யா, குறள் அருமை. பொறி வரலேன்னா யார் மேலயும் பழி இல்லைன்னு கடைச் சுவரில எழுதி வெச்சிரலாம். ஆனா அடுத்த அடி 'ஆள்வினை இன்மை பழி'. அது பிளக்கைக் கழட்டிப் பார்க்காம நேரா கார்புரேட்டரைப் பிரிக்கிறவனுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு.

ஞெலிபிழை வேண்டாம் ஐயா. என் கடைப் பையனுக்கு அந்த 'ஞெ' வாயில வராது. கடையறதும் இங்க கிடையாது. மேக்னெட்டோவுல உரசித் தீ வரலை. காந்தம் சுத்தும்போது காயில்ல கரண்ட் ஓடும், சரியான நேரத்துல பாயிண்ட் (கரண்ட்டை அறுக்கிற சின்ன சுவிட்ச்) *திறக்கும்*, கரண்ட் அறுபடும், காந்தப்புலம் சட்டுனு விழும், அந்த வேகத்துல தான் பிளக் முனைக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். பாயிண்ட் ஒட்டும்போது பொறி வரும்னு நினைக்கிறவங்கதான் பாதிப் பேர். திறக்கும்போதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மிஸ்ஸிங்னு கடைக்கு வர வண்டியெல்லாம் ஒரே வியாதிக்காரங்க இல்ல.

சிலதுல பொறியே வராது. வயர் அறுந்திருக்கும், இல்லேன்னா ஆஃப் பண்ற சுவிட்சோட வயர் எங்கயோ பாடியில பட்டு எர்த் ஆயிட்டிருக்கும். அந்த வயரைக் கழட்டிட்டு உதைச்சா வண்டி கிளம்பும், அஞ்சு நிமிஷ வேலை.

சிலதுல பொறி வரும், ஆனா மஞ்சளா, சோகையா வரும். பாயிண்ட் கருகியிருக்கும். இல்ல கண்டன்சர் போயிருக்கும். அதுல மோசமான ரகம், குளிர்ச்சியில நல்லா ஓடி, சூடு ஏறினதும் இழுக்காம நின்னு, ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிற ரகம். கடைக்கு வரும்போது வண்டி ஆறியிருக்கும், கோளாறே இருக்காது. இருட்டுல எஞ்சினை ஓடவிட்டு பாயிண்டைப் பார்த்தா நீலமா பெருசா பொறி பறக்கும். பிளக்கில வர வேண்டியது பாயிண்ட்லயே செலவாயிடுது. கண்டன்சர் நல்லா இருந்தா பாயிண்ட் திறக்கிற அந்த நொடியில கரண்ட்டைத் தான் வாங்கிக்கும், பாயிண்ட் கருகாது.

சிலதுல பொறி நல்லா வரும், நேரம்தான் தப்பு. பாயிண்ட் இடைவெளி 0.35 மி.மீ. அளவுல இருக்கணும். கேம்ல உரசற ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் லேட்டா திறக்கும், டைமிங் பின்னாடி போகும். ஃப்ளைவீலைப் பிடிக்கிற அரைவட்ட கீ வெட்டிப்போயிருந்தா இன்னும் கோளாறு, ஃப்ளைவீலே நகர்ந்து உட்கார்ந்திருக்கும்.

கடைசி ரகம்தான் ஆளைக் கொல்லும். பொறி நல்லா இருக்கும், நேரமும் சரி, ஆனா உள்ளே எரியாது. மேக்னெட்டோ பக்கத்து கிராங்க் சீல் போய்க் காத்து இழுக்கும், கலவை மெலிஞ்சுபோகும். பிளக்கு வெள்ளையா வரும், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் உடனே இறங்காது. பிளக்கு மாத்தி, காயில் மாத்தி, பாயிண்ட் மாத்தி ஓய்ஞ்சப்புறம்தான் சீல் ஞாபகம் வரும்.

இது நாலுக்கும் சேர்த்து ஒரு பேர்தான், மிஸ்ஸிங். அதுல நீங்க 'பொறி'யைப் போட்டா, படிக்கிறவன் கடைசி ரகத்தை யோசிக்கவே மாட்டான்.

– பட்டறைவாசி

* * *

பட்டறைவாசி அண்ணன் சொன்ன கடைசி வரிதான் என் வகுப்பிலும் நடப்பது. நான் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 'பொறித்தவறு' என்று கரும்பலகையில் எழுதினால் எல்லோரும் பிளக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து எர்த் கொடுத்து, கிக் அடித்துப் பார்த்து 'டீச்சர், பொறி வருது' என்பார்கள். வெளிக்காற்றில் தாவுகிற பொறி சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவ வேண்டும் என்று கட்டாயமில்லை, அதற்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். ஆகவே 'வெளியே வருது' என்பது பாதிச் சாட்சிதான். (கழற்றிய பிளக்கைப் பிளக் துளைக்கு நேராகப் பிடிக்காதீர்கள் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பற்றும்.)

அறிகுறிக்குப் பெயர் வைக்கும்போது காரணத்தை உள்ளே திணிக்கக் கூடாது. தலைவலிக்குத் தலைவலி என்றுதான் பெயர். அதனால் 'எரிதவறல்' என்று வைக்கலாமா? எரிய வேண்டியது எரியவில்லை. யார் குற்றம் என்று சொல் சொல்லாது. அதைத்தானே மாணவர் தேட வேண்டும்.

– ஆசிரியை

* * *

எரிதவறல் நன்று. ஆனால் 'எரி' இங்கே பெயரா, வினையடியா? தீ என்ற பெயரானால் மேற்சொன்ன எழுவாய்த்தொடர். வினையடியானால் வினைத்தொகை என்று சொல்லி 'எரிந்த தவறல், எரிகின்ற தவறல், எரியும் தவறல்' என்று முக்காலத்தும் விரிக்க வேண்டும், அது பொருந்தாது. எரியாததைத்தானே சொல்ல வந்தோம்?

ஞெலிகோலைப் பட்டறைத் தம்பி உரசல் என்று சொல்லித் தள்ளிவிட்டார். ஆனால் புறநானூறு 315இல் ஔவை அதியமானை எப்படிச் சொல்கிறார் பாருங்கள். வீட்டின் இறைப்பில் செருகிய ஞெலிகோல் போலத் தோன்றாமல் இருக்கவும் வல்லவன், அது கான்ற பெருந்தீப் போலத் தோன்றவும் வல்லவன். தம்பி சொன்ன கண்டன்சர் கோளாறு இதேதானே? ஆறினால் ஒளிந்துகொள்கிறது, சூடேறினால் வெளிப்படுகிறது. விட்டுவிட்டு வரும் கோளாற்றுக்கு 'ஞெலிகோல் வழு' என்று பெயர் வைத்தால் என்ன?

– புலவர்

* * *

ஐயா, என்னிடம் நான்கு நாள்தான் இருக்கிறது.

– கையேட்டுக்காரன்

* * *

இடையில் ஒரு கேள்வி. கண்டன்சரை என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் பக்கத்துப் பாடநூல்களில் மின்தேக்கி. எங்கள் பக்கம் கொள்ளளவி என்று படித்தோம். இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் இரண்டும் கடைக்காரருக்குத் தெரியாது. 'ஒரு கொள்ளளவி தாங்கோ' என்று கேட்டால் அளக்கிற ஏதோ பாத்திரம் என்று நினைப்பார்.

எரிதவறலுக்கு என் ஆதரவு. பொறித்தவறு வேண்டாம்.

– ஈழத்து நண்பர்

* * *

கண்டன்சர் கண்டன்சராகவே இருக்கட்டும். உதிரிபாகத்தின் பெயர் கடையில் கேட்டு வாங்குவதற்கு. கோளாறின் பெயர் யோசிப்பதற்கு. முதலாவதில் தனித்தமிழ் பார்த்தால் ஆள் வெறுங்கையோடு திரும்புவான்.

ஆனால் அதே வாதத்தை இன்னும் ஓர் எட்டு எடுத்து வைக்கிறேன்: மிஸ்ஸிங்கை ஏன் விடக் கூடாது? 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.' நன்னூலாரே அனுமதி கொடுத்துவிட்டார். எல்லாப் பட்டறையிலும் புரிகிற சொல்லை விட்டுவிட்டு எந்தப் பட்டறையிலும் புரியாத ஒன்றைச் செய்ய இத்தனை மடலா?

– ஓரமாய் வாசிப்பவன்

* * *

நன்னூற் சூத்திரத்தை இப்படி எல்லாக் கதவுக்கும் சாவியாக்குவது வழக்கமாகிவிட்டது. தொல்காப்பியர் வடசொல்லுக்கே 'வடஎழுத்து ஒரீஇ' என்று நிபந்தனை வைத்தார். அதன்படி உங்கள் மிஸ்ஸிங் 'மிச்சிங்கு' என்றாகும். சம்மதமா?

– புலவர்

* * *

மிச்சிங்கு நல்லாத்தான் இருக்கு ஐயா. எங்க பெரியவர் ஒருத்தர் அப்படித்தான் சொல்வார்.

ஆனா ஓரமா வாசிக்கிறவர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். மிஸ்ஸிங்னு பேசிப் பேசித்தான் எங்க ஆளுங்க நாலு வியாதியையும் ஒண்ணாக்கிட்டாங்க. புதுசா ஒரு பேர் வந்தா ஒரு நிமிஷமாவது நின்னு யோசிப்பான்.

இன்னொண்ணு. அட்டவணையில் இதை விட்டுடாதீங்க: டூ ஸ்ட்ரோக் வண்டி ஐடிலிங்ல, லோடு இல்லாம ஓடும்போது, ஒரு சுத்து எரிஞ்சு ஒரு சுத்து விட்டு ஓடும். பழைய புகை முழுசா வெளியே போகாததால வர்றது. ஃபோர் ஸ்ட்ரோக்கிங்னு சொல்வோம். ஓரளவுக்கு அது இயல்பு, கோளாறு இல்ல. ஆக்ஸிலரேட்டரைத் திருகினா சரியாயிடும். திருகியும் போகலேன்னாதான் கலவை ரொம்பக் கெட்டி. இதை மிஸ்ஸிங்னு நினைச்சு பாயிண்டைக் கையில எடுத்தா, நல்லா இருந்த டைமிங்கும் போச்சு.

– பட்டறைவாசி

* * *

ஆகா. ஒரு சீர் ஒலித்து ஒரு சீர் விழுந்தால் எங்கள் மொழியில் அதற்குப் பெயர் உண்டு: தளைதட்டல். எஞ்சின் கோளாற்றை முதலில் கண்டுகொள்வது கண் அல்ல, காது. வெண்பாவில் தளை தட்டினால் எழுத்தைப் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும். ஞெலிபிழையை விட்டுத்தருகிறேன். மிஸ்ஃபயருக்குத் 'தளைதட்டல்' வையுங்கள். பொறியையும் குற்றம் சொல்லாது, தீயையும் குற்றம் சொல்லாது. டூ ஸ்ட்ரோக்கை 'ஈரடி' என்றும் வைத்துக்கொண்டால் குறள் வெண்பாவோடு பொருத்தம் இன்னும் கூடும்.

– புலவர்

* * *

இதுவரை வந்ததில் அழகான சொல் இதுதான், ஐயா. அதனாலேயே தயங்குகிறேன். என் மாணவர்களில் யாப்பு படித்தவர் யாருமில்லை. தளை என்றால் விலங்கு என்று சிலருக்குத் தெரியும், அவ்வளவுதான். 'வண்டி தளைதட்டுகிறது' என்றால் செயின் எங்கோ இடிக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். ஈரடியை ஏற்றால் நாளைக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கை நாலடி என்பீர்கள். பாடநூலில் 'வீச்சு' ஏற்கெனவே இருக்கிறது.

– ஆசிரியை

* * *

ஐயா சொல்லை வீணாக்க வேண்டாம். மிஸ்ஸிங்குக்கு எரிதவறல், ஃபோர் ஸ்ட்ரோக்கிங்குக்குத் தளைதட்டல். அதுதானே நிஜமாவே ஒண்ணு விட்டு ஒண்ணு வர்றது?

– பட்டறைவாசி

* * *

ஒதுக்குப்புறமாய் ஓர் இடம் தந்து ஆற்றுப்படுத்த வேண்டாம், தம்பி. தளைதட்டல் பிழையின் பெயர். நீங்களே பிழையல்ல என்று சொன்ன ஒன்றுக்கு அதை எப்படி இட முடியும்?

– புலவர்

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று கோப்பை அனுப்பிவிட்டேன். முடிவுகள்:

மிஸ்ஃபயர் – எரிதவறல். முதல் இடத்தில் மட்டும் 'பட்டறை வழக்கில் மிஸ்ஸிங்' என்று சேர்த்திருக்கிறேன். அதன்கீழ் 'பொறி இன்மை', 'பொறி நலிவு', 'பொறி நேரம் பிறழ்தல்', 'கலவை எரியாமை' என்று நான்கு உட்பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பட்டறைவாசி அண்ணன் சொன்ன சோதனைகள். ஃபோர் ஸ்ட்ரோக்கிங்குக்குப் பெயர் வைக்கவில்லை, 'ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிதல்' என்று விரித்தே எழுதிவிட்டேன். கண்டன்சர் கண்டன்சர்தான். மெய்ப்பாளர் எரிதவறலை 'எரித்தவறல்' என்று திருத்திக் கொடுத்தார், மறுபடி மாற்றினேன்.

– கையேட்டுக்காரன்

* * *

'எரித்தவறல்' அச்சாகாமல் தப்பியதில் மகிழ்ச்சி. அது எரித்த ஒருவன் தவறியதாகிவிடும். எரிதவறலுக்கு என் உடன்பாடின்மையை இக்குழுவின் ஆவணத்துக்காகப் பதிகிறேன். வினையடியில் இன்மைப் பொருள் இல்லாமல் இன்மையைச் சொல்ல முயலும் சொல் அது. இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.

– புலவர்

* * *

பெரியவர்கள் ஓய்ந்துவிட்டீர்கள் என்றால் எனக்கு அடுத்தது ஒன்று இருக்கிறது. டைமிங் ரொம்ப முன்னாடி இருந்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்குமே, அதற்கு என்ன சொல்? திங்கட்கிழமை வகுப்பு.

– ஆசிரியை

* * *

உதை.

– பட்டறைவாசி

* * *

அம்மா, அது நாம் கொடுப்பதற்கும் பெயராயிற்றே. 'எதிருதை' என்றால்?

– புலவர்