பெயின்ட் அடிப்பதற்கு முன் சுவரோடு பட்ட பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

எங்களுடையது சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு. முன்னறைக்கு மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு வெள்ளைதான் அடித்து வந்தோம். சென்ற முறை, பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், இரண்டு கோட் பட்டி (சுவரைச் சமன்படுத்தும் மாவுக் கலவை), ஒரு கோட் பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), இரண்டு கோட் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) எனச் சதுர அடிக் கணக்கில் பேசி ஒப்பந்தம் கொடுத்தோம். ஐந்தே நாளில் வேலை முடிந்து அறை பளிங்கு போல் நின்றது. ஆடி பிறப்பதற்கு முன்பே ஜன்னலுக்குக் கீழே பூச்சு அப்பளம் போல் உப்பி, தொட்டதும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

விழுந்த செதிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அதன் முதுகில் நீலம் கலந்த பழைய வெள்ளை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய பூச்சு சுண்ணாம்பை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. சுண்ணாம்புதான் சுவரை விட்டுவிட்டது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்து, கையில் மாவு ஒட்டுகிறதா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த மாவின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷனைப் பூசினாலும் அது நிற்காது.

இரண்டாம் முறை, சுவரில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பட்டித் தகட்டால் சுரண்டச் சொன்னேன். வெள்ளைக்கு அடியில் வெளிர்பச்சை, அதற்கடியில் ரோஜா, அதற்கும் அடியில் காவி என்று ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு ஆட்களுக்கு இதற்கே நான்கு நாள் பிடித்தது. பிறகு கழுவி, மின்விசிறியை ஓடவிட்டுப் பத்து நாள் காய வைத்தோம். மாசி வெயிலில் அது போதுமானதாக இருந்தது. மேல்சுவரில் விரிசல்களை அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, சுண்ணாம்புக் கலவையால் அடைத்தபின், தண்ணீர் கலந்த பிரைமரை முதல் கோட்டாகக் கொடுத்தோம்.

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கதையே வேறு. அடியிலிருந்து ஏறும் ஓதத்தால் அங்கே உப்பு பூத்திருந்தது. முதல் முறை வந்த ஆள் அதை ஈரத்துணியால் துடைத்தார். உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போயிற்று. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுவதே சரியான வழி. அதோடு, சிமென்ட் பட்டி ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்வதால், உள்ளே தேங்கும் ஈரம் சுண்ணாம்புக் காரையையே பொரியச் செய்கிறது. ஆகவே அந்த மூன்றடிக்குப் பட்டியும் வேண்டாம், எமல்ஷனும் வேண்டாம் என்று மீண்டும் சுண்ணாம்பே அடித்துவிட்டோம். வருகிறவர்கள் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

கூலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இம்முறை சுரண்டும் வேலையை நாள்கூலிக்கும் பூசும் வேலையைச் சதுர அடிக்கும் பிரித்துப் பேசினேன். சதுர அடிக் கணக்கில் சுரண்டச் சொன்னால் எந்த ஆளும் தகட்டைச் சீக்கிரம் கீழே வைக்கத்தான் பார்ப்பார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏற்காட்டிலிருந்து

பத்து நாளில் சுவர் காய்ந்தது என்று செவ்வாய்ப்பேட்டை ஐயா எழுதியதைப் படித்துப் பெருமூச்சு விட்டேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசியில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே நடமாடும் ஊரில், துவைத்த துணியே மூன்று நாளானாலும் காய்வதில்லை.

எங்கள் படுக்கையறையின் பின்சுவரில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய, ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளைச் சுவரோடு சேர்த்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விட்டோம். மறுநாள் நீர்முத்துகள் தாளின் உட்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தன. வெளிப்புறத்தில் இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். எங்கள் வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. பின்புறம் மண் சுவரோடு சேர்ந்தே கிடந்தது. அந்த மண்ணை அள்ளி, அடியில் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிட்ட பிறகே உள்ளே கை வைத்தோம்.

பூஞ்சைக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் (பிளீச் திரவம்) ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினோம். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; கழிவறை கழுவும் அமிலம் எதையும் அதனோடு கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு எழும். வெறும் துணியால் துடைத்துவிட்டுப் பிரைமர் அடித்த முந்தைய ஆண்டு, அதே புள்ளிகள் அதே இடத்தில் இரண்டு மாதத்தில் எட்டிப் பார்த்தன. இம்முறை தையில் தொடங்கிய வேலை பங்குனியில்தான் முடிந்தது.

அம்மாபேட்டையிலிருந்து

எங்களுடையது தறி ஓடும் வீடு. கூடத்துச் சுவரின் கீழ்ப்பாதியில் பழைய எனாமல் (எண்ணெய் பெயின்ட்) பளபளப்பாக இருந்ததால், அதன் மேல் புதிய பூச்சு பிடிக்க வேண்டுமானால் பளபளப்பு போகும் வரை தேய்த்தாக வேண்டும். ஆள் வந்த முதல் நாளே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்க, நான் தடுத்து நிறுத்தினேன். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் எனாமல் அதற்கு வெகு காலம் முந்தியது. ஈயம் கலந்திருக்கக்கூடிய அந்தத் தூசி பேரக்குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது என்பதால், சுவரை நனைத்து வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்தெடுத்தோம். குழந்தையும் தாயும் அந்த வாரம் முழுவதும் சேலம் குகைப் பகுதியில் உள்ள என் தங்கை வீட்டில் இருந்தார்கள்.

பூஜை மாடத்தைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் புகையைச் சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் இருமுறை கழுவினோம். கழுவாமல் அடித்தால் பழுப்புக் கறை மேலே கசிந்து வரும். பிரைமர் அடித்த அன்று எங்கள் தறியை நிறுத்தினோம். பக்கத்து வீட்டு விசைத்தறியை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஈரம் காய்வதற்குள் ஜன்னல் வழியாக வந்து ஒட்டிய பஞ்சு இழைகளை மறுநாள் 320 எண் மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தெடுத்த பிறகே எமல்ஷன் டின்னைத் திறந்தோம்.