உதவி தேவை: பாட்டியின் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையா, மச்சினர் கொண்டுவரும் எலக்ட்ரிக் ரோஸ்டரா? ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும்

மூன்றாம்மாடி (வியாழன், இரவு 10.40)

வணக்கம், கொஞ்சம் அவசரம். மாயவரம் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து பாட்டியின் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை கிடைத்தது. இரும்பு, கைப்பிடி பிடித்துச் சுற்றுகிற வகை. இரண்டு முறை வறுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் பாதி கரி, பாதி வைக்கோல் நிறம். கரியைக் கடித்தால்கூட உள்ளே பச்சைக் கடலை வாசனை. அமெரிக்காவில் இருக்கும் மச்சினர் திங்கள் கிளம்புகிறார், "ஒரு ரோஸ்டர் வாங்கி வரட்டுமா?" என்கிறார். பழசோடு மல்லுக்கட்டுவதா, புதுசுக்குப் போய்விடுவதா? "ரெண்டும் வேண்டாம், முக்குக் கடையில் அரைத்து வாங்குங்கள்" என்று வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டபராசெட் (வியாழன், 10.52)

எத்தனை கிராம் போட்டீர்கள்? காஸா, கரியா? எவ்வளவு நேரம்? என்ன கொட்டை? இது எதுவும் இல்லாமல் எப்படிச் சொல்வது?

ஓசிக்காப்பி (வியாழன், 11.05)

கொட்டை கலப்பாக இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பீபெரியையும் பிளாண்டேஷன் ஏ-வையும் ஒன்றாகப் போட்டீர்களா? பழத்துக்குள் இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டு திரண்டால் அதுதான் பீபெரி. அது குண்டு மாதிரி உருளும். பிளாண்டேஷன் ஏ என்கிற தரத்துக் கொட்டை ஒரு பக்கம் தட்டை, தகட்டில் ஒட்டினாற்போல் கிடந்து தீயும். இரண்டையும் தனித்தனியாக வறுத்துப் பிறகுதான் கலக்க வேண்டும்.

காரீயம் (வியாழன், 11.30)

வறுப்பதை முதலில் நிறுத்துங்கள். பழைய பாத்திரத்தில் எல்லாம் ஈயப்பற்று இருக்கும். அதில் காரீயம் கலந்திருக்கும். சூடானால் கொட்டைக்குள் போகும். என் ஓட்டு புதுசுக்கு.

பட்டறை (வெள்ளி, காலை 6.15)

காரீயம் சார், பயம் நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் பொருந்தாது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கொட்டை சூடேறி முதல் தடவை பட்பட்டென்று வெடிப்பதே (முதல் வெடிப்பு) 200 டிகிரி ஒட்டி, உருளைத் தகடு அதைவிடச் சூடு. பற்று வைத்துச் செய்திருந்தால் பாட்டி காலத்திலேயே கழன்று அடுப்பில் விழுந்திருக்கும். இவையெல்லாம் மடிப்பு மடித்து ரிவிட் அடித்தவை. பார்க்க வேண்டியது வேறு: மேலே பெயின்ட் பூசியிருந்தால் அதைச் சுரண்டுங்கள், வெள்ளி மாதிரிப் பளபளத்தால் துத்தநாகம் பூசிய தகடா என்று பாருங்கள். கருப்பாக, எண்ணெய் ஏறி இருந்தால் கவலையில்லை.

வோல்ட் (வெள்ளி, 7.40)

ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். மச்சினர் வாங்கப்போவது எந்த மாடல்? அங்கே கடையில் இருப்பது 120 வோல்ட். நம் வீட்டில் 230. அப்படியே சொருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுக்கும், ஒரு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மிக்சி, ரோஸ்டர் வகையறாவுக்கு லேப்டாப் சார்ஜர் மாதிரி "100 முதல் 240 வரை" என்று போட்டிருக்காது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி (வெள்ளி, 1.10)

எல்லாருக்கும் நன்றி, ஆபீசிலிருந்து எழுதுகிறேன். காஸ்தான், பெரிய பர்னர். கொட்டை இரண்டும் கலந்துதான் போட்டேன், ஏற்காட்டிலிருந்து வந்தது. மச்சினர் சொன்ன பெயர் ப்ரெஷ்ரோஸ்ட் எஸ்ஆர்800. டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடாதா?

ஓசிக்காப்பி (வெள்ளி, 1.14)

சொன்னேன் இல்லையா? கலந்துதான் போட்டிருக்கிறார்!

டபராசெட் (வெள்ளி, 1.20)

இன்னும் எத்தனை கிராம், எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

வோல்ட் (வெள்ளி, 2.05)

ஓடும். ஆனால் அந்த வகை 1,500 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும். 2,000 வாட் தாங்கும் நல்ல டிரான்ஸ்பார்மராகப் பார்த்து வாங்க வேண்டும், தரையில் ஒரு மூலை அதற்கே போய்விடும். கடையில் "ட்ராவல் கன்வர்ட்டர்" என்று கைக்கு அடக்கமாக ஒன்று காட்டுவார்கள், அதை வாங்காதீர்கள். இதற்குப் பதில் 220 வோல்ட்டிலேயே வரும் ரோஸ்டர்கள் உண்டு. கொரியாவின் ஜீன் கஃபே அப்படிக் கிடைக்கிறது, கண்ணாடி உருளை, ஒரு தடவைக்கு 300 கிராம் வரை.

பழம்தின்றவர் (வெள்ளி, 4.30) *பதிவுகள்: 6,214*

மாதத்துக்கு ஒரு முறை இந்த இழை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

முதலில், பழசு எதிர் புதுசு என்ற கேள்வியே தவறு. உருளை எதிர் சூடான காற்று என்று கேளுங்கள். உங்கள் மச்சினர் சொல்வது காற்று வகை. கீழிருந்து காற்று அடித்துக் கொட்டையைத் தூக்கிப் போட்டு வறுக்கும், எட்டு பத்து நிமிடத்தில் வேலை முடியும், தவிடு போலப் பறக்கும் தோலைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு 200 கிராம் சொச்சம். உருளையில் 12 முதல் 15 நிமிடம். டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக வேண்டும், பால் ஊற்றினாலும் சுவை நிற்க வேண்டும் என்பவருக்கு உருளைதான். எலுமிச்சை வாசனை தேடுகிற பால் இல்லாத காப்பிக்காரர்களுக்குக் காற்று.

இரண்டாவது, உருளைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இருந்ததும் வெறும் டப்பாதான். 1864-ல் நியூயார்க்கில் ஜேபஸ் பர்ன்ஸ் என்பவர் உள்ளே இரட்டைத் திருகு போல் தகடு வைத்துக் காப்புரிமை வாங்கினார். சுற்றச்சுற்ற அந்தத் தகடு கொட்டையை முன்னும் பின்னும் தள்ளும், கதவைத் திறந்தால் கொட்டை தானே வெளியே வரும். இதெல்லாம் தெரியாமல் உருளை சரியில்லை என்று சொல்வது கரண்டி தெரியாமல் சாம்பாரைக் குறை சொல்வது.

பில்டர்மாமி (வெள்ளி, 6.00)

அதற்குள் சண்டையா? தம்பி, நான் கும்பகோணத்தில் வளர்ந்தவள். எங்கள் அம்மா குமுட்டி அடுப்பில், கங்கு தணிந்த பிறகுதான் உருளையை வைப்பாள். சுவாலை கண்ணில் படக்கூடாது. காஸில் செய்வதானால் பழைய தோசைக்கல்லைக் கீழே போட்டு அதன்மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு வை. வறுத்ததை முறத்தில் கொட்டி வாசலில் புடைத்தால் தோல் பறந்துவிடும். அப்போதே அரைத்து, அப்போதே டிகாக்‌ஷன் இறக்கினால் அந்தக் காப்பிக்கு ஈடே கிடையாது.

ஏற்காட்டுக்காரன் (வெள்ளி, 6.25)

மாமி, மன்னிக்கணும், அப்போதே அரைக்கக்கூடாது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும், ஒரு நாளாவது வெளியேற விட வேண்டும். இல்லாவிட்டால் பில்டரில் வெந்நீர் ஊற்றியதும் தூள் நுரைத்து எழும்பி அழுத்தும் தட்டையே தூக்கிவிடும். தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து இறங்கிவிடும், டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். நான் இரண்டு நாள் வைத்துத்தான் அரைக்கிறேன்.

பில்டர்மாமி (வெள்ளி, 6.40)

நுரைத்து எழும்புவதுதானே புதுக் காப்பிக்கு அடையாளம். இரண்டு நாள் வைத்தால் அது கடைக் காப்பி.

ஏற்காட்டுக்காரன் (வெள்ளி, 6.44)

கடைக் காப்பியில் நுரைக்காது, ஏனென்றால் அது இரண்டு வாரம் ஆனது. இரண்டு நாளும் இரண்டு வாரமும் ஒன்றா மாமி?

ஓசிக்காப்பி (வெள்ளி, 6.50)

என் பாட்டி சூட்டோடு அரைக்கவே மாட்டாள். "அரைவை இயந்திரம் கரகரக்கும்" என்பாள். மறுநாள் காலைதான். ஆகவே மாமிக்கும் அவர் அம்மாவுக்கும் எதிர்க்கட்சி எங்கள் வீட்டிலேயே உண்டு.

பழம்தின்றவர் (வெள்ளி, 7.15)

இழை திசை மாறுகிறது. கொட்டையின் பக்குவம் பற்றிய கேள்வியில் அரைவையைக் கொண்டுவருவது இந்தத் தளத்தின் சாபம்.

பட்டறை (வெள்ளி, 9.10)

மூன்றாம்மாடி, பழம்தின்றவர் போகிறபோக்கில் சொன்ன தகடு விஷயம் எனக்கு உறுத்துகிறது. உங்கள் உருளையைச் சுற்றும்போது என்ன சத்தம் வருகிறது? கொட்டை விழுந்து புரண்டால் மழை தகரத்தில் பெய்கிற மாதிரி விட்டுவிட்டுச் சலசலக்கும். ஒரே சீராக "சர்ர்ர்" என்று வந்தால் கொட்டை ஒரு குவியலாகச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது, புரளவில்லை என்று பொருள். அடியில் இருப்பது கருகும், குவியலின் நடுவில் இருப்பது வேகாது. நீங்கள் சொன்னது அச்சு அசலாக அதுதான். கொட்டை கலந்ததால் கொஞ்சம் வித்தியாசம் வரும், ஆனால் இவ்வளவு வராது. கதவைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் இரண்டோ மூன்றோ தகடு நிற்கிறதா?

டபராசெட் (வெள்ளி, 9.30)

வறுப்பதற்கு முன்னும் பின்னும் எடையையும் பாருங்கள். நல்ல பழுப்பு நிறத்துக்கு வந்தால் நூற்றுக்கு 15-க்கு மேல் எடை இறங்கும். 500 போட்டு 450 வந்தால் உள்ளே வேகவில்லை. கண்ணுக்கு எவ்வளவு கருப்பாக இருந்தாலும் சரி.

காரீயம் (சனி, 8.00)

பெயின்ட்டைப் பார்த்தீர்களா?

மூன்றாம்மாடி (சனி, 11.50)

பெயின்ட் இல்லை, கருப்புதான். சத்தம் "சர்ர்ர்" தான்! டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தகடு எதுவும் இல்லை. ஆனால் எதிரெதிரே இரண்டு வரிசையில் நான்கு நான்கு துளைகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் கரி அடைத்து மூடியிருந்ததால் இதுவரை தெரியவில்லை. ஒரு துளையில் பாதி ரிவிட் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எடை: போட்டது 500, வந்தது 446.

பட்டறை (சனி, 12.15)

அவ்வளவுதான். தகடு கழன்று எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். வெல்டிங் பட்டறையில் கொடுத்து இரண்டு தகடு, உருளையின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஓர் அங்குல உயரத்தில் வளைத்து அதே துளைகளில் ரிவிட் அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: கையில் கிடைக்கிறதென்று ஜிஐ ஷீட் போட்டுவிடுவார்கள், வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து காய்வதற்கு ஆனதல்ல. சாதா இரும்புத் தகடு, அல்லது எஸ்எஸ் (எவர்சில்வர்). பிறகு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பினால் எந்தத் தகடும் புரட்டாது.

பில்டர்மாமி (சனி, 12.40)

முதல் தடவை வீணான பழைய கொட்டையைப் போட்டு வறுத்துக் கொட்டிவிடு தம்பி. பட்டறை எண்ணெய் வாசனை போக வேண்டும். சோளம் பொரிகிற மாதிரி முதலில் வெடிக்கும், கொஞ்சம் ஓய்ந்து, அப்புறம் நெருப்பில் கல் உப்புப் போட்ட மாதிரி பொடிசாகப் படபடக்கும். அந்த இரண்டாவது சத்தம் தொடங்கினதும் இறக்கு. காத்திருந்தால் கரி.

வோல்ட் (சனி, 1.00)

மூன்றாவது மாடியில் புகைக்கு என்ன செய்கிறீர்கள்? காற்று வகையோ உருளையோ, இரண்டாவது வெடிப்பில் புகை வரும். மேல் வீட்டில் துணி காய்கிறதா?

பழம்தின்றவர் (சனி, 1.30)

நான் 1864-ஐப் பற்றி எழுதியபோதே இதைத்தான் சொன்னேன். படிப்பவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஏற்காட்டுக்காரன் (சனி, 1.42)

சார், நீங்கள் சொன்னது நியூயார்க். மாயவரத்தைப் பார்த்துச் சொன்னது பட்டறை.

மூன்றாம்மாடி (புதன், இரவு 9.05)

சுருக்கமாக. மச்சினரிடம் ஞாயிறே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், டிரான்ஸ்பார்மர் விலையைப் பார்த்த பிறகு வீட்டிலும் ஒரே கட்சியாகிவிட்டது. தகடு மாட்டியாயிற்று, சாதா இரும்பு. 250 கிராம், தோசைக்கல் மேல், 17 நிமிடம். சத்தம் சலசலப்பாக வருகிறது. நிறம் ஒரே மாதிரி. பால்கனியில் புடைத்தேன், தோல் முழுக்கக் கீழ்வீட்டுக் காரின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அது தனிப் பஞ்சாயத்து. எல்லாருக்கும் நன்றி.

டபராசெட் (புதன், 9.11)

வறுத்த பிறகு எடை எவ்வளவு?

பில்டர்மாமி (புதன், 9.20)

அன்றைக்கே அரைத்தாயா இல்லையா, அதைச் சொல்லு.

டபராசெட் (வெள்ளி, 8.30)

எடை?